மலைக்கு அந்தப் பக்கத்துப் பேராயர்

 

சாயங்காலம் பேருந்தை விட்டு இறங்கி முக்குக் கடையில் டீ குடித்தேன். கடைக்காரப் பெரியவர் கூட்ட நோட்டீசைப் பார்த்துவிட்டு, "ஆர்ச்பிஷப்னு போட்டிருக்கே சார், அவரு நம்ம பக்கம் வந்தவரா?" என்று கேட்டார். "மலைக்கு அந்தப் பக்கம் இருந்தவரு, பாய். அவரு கையெழுத்துதான் இந்தப் பக்கம் வந்துச்சு" என்றேன். "கையெழுத்து வந்தாப் பத்தாதா, ஆளு எதுக்கு?" என்று சொல்லிவிட்டு அடுத்த கிளாசைக் கழுவப் போய்விட்டார். நான் எழுதிக் கொண்டுவந்த முன்னுரையை அங்கேயே மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன்.

அந்தக் கையெழுத்துக்காரர் பெயர் பிரான்சிஸ்கோ ரோஸ். ஸ்பெயின் நாட்டுக் கத்தலோனியாவில் ஜெரோனா என்ற ஊரில் பிறந்தவர். இயேசு சபைத் துறவி. 1580களின் நடுவில் மலையாளக் கரைக்கு வந்து, 1601இல் அங்கமாலி ஆயராகி, 1608இல் பேராயராகி, 1624 பிப்ரவரி 18ஆம் தேதி பறவூரில் இறந்தார். நாற்பது வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு. அந்த நாற்பது வருடத்தில் அவர் செய்த இரண்டு காரியங்களை எதிரெதிரே வைத்துப் பார்ப்பதுதான் இன்றைய என் வேலை. சிரியா மொழிப் புத்தகங்களைத் திருத்தவும் தீயில் போடவும் உத்தரவிட்ட மன்றத்தில் அறிஞராக உட்கார்ந்திருந்தவர் அவர். மதுரையில் பூணூலும் குடுமியும் சந்தனமும் தரித்த கிறிஸ்தவர்களுக்காக, கோவாவின் பெரிய சபையில் எழுந்து நின்று வாதாடியவரும் அவரேதான். இவர் எப்படி அவராகவும் இருந்தார்?

முதலில் நாம் உட்கார்ந்திருக்கும் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். வாலிநோக்கத்துக் கரையில் கடலைப் பார்த்து நின்றால் இடக்கைப் பக்கம் ஏர்வாடி, கீழக்கரை. வலக்கைப் பக்கம் மாரியூர் உப்பளம், அதைத் தாண்டி மூக்கையூர், அதையும் தாண்டி வேம்பாறு. மூக்கையூரில் சந்தியாகப்பர் கோயில். வேம்பாறு, போர்த்துக்கீசியர் காலத்துப் பரதவர் துறைகளில் வடக்கே கடைசி. இன்றைக்கு வேம்பாறு தூத்துக்குடி மறைமாவட்டம், மூக்கையூர் சிவகங்கை மறைமாவட்டம். பங்குச் சாமியாருக்கும் கணக்குப்பிள்ளைக்கும் தவிர வேறு யாருக்கும் அந்த எல்லை கண்ணில் படாது.

ரோஸ் காலத்தில் இன்னொரு எல்லை இருந்தது. அது கடலுக்கு இணையாகப் போனது. முத்துக்குளித்துறை, அதாவது கரையோரத்துப் பரதவர் கோயில்கள், கொச்சி ஆயருக்கு. கரையை விட்டு உள்ளே போனால் மதுரை மிஷன். அது கொடுங்கல்லூர்ப் பேராயருக்கு. மணல் ஒருவருக்கு, செம்மண் ஒருவருக்கு. கொச்சியும் கொடுங்கல்லூரும் மேற்கே ஒரு நாள் படகுப் பயணத்தில் அடங்கும் ஊர்கள். அங்கே இரண்டு ஆயர்களுக்கிடையே இருந்த வரப்புச் சண்டை, மலை தாண்டி வந்து மறவர் சீமையின் ஓரத்தில் கோடு போட்டது.

இந்தக் கரைக்கு அந்த நாளில் வேறு கவலைகள். 1538இல் இங்கிருந்து கிழக்கே வேதாளையில் கோழிக்கோட்டுச் சாமூதிரியின் மரக்காயர் கப்பற்படையைப் போர்த்துக்கீசியர் முறியடித்தார்கள். அதே வேதாளையில் ராமேஸ்வரம் போகும் யாத்திரிகர்களிடம் சுங்கம் பிடுங்கினார்கள். வழியை மறித்துப் பள்ளமே வெட்டினார்கள். 1549இல் வடுகர் படை வந்தபோது சுங்கம் வாங்கியவர்கள் தோணியேறித் தப்பிவிட, பெண்களையும் பிள்ளைகளையும் படகேற்றிக் கொண்டு நின்ற அந்தோணியோ கிரிமினாலி என்ற இத்தாலியச் சாமியார் அங்கேயே வெட்டுப்பட்டார். இயேசு சபையில் முதலில் மறைசாட்சியாக உயிர்விட்டவர் என்று அவரைச் சொல்வார்கள். பறங்கி என்ற சொல் இந்தச் சீமையில் எப்படிக் கசந்தது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம். பிறகு ஏறக்குறைய 1605இல் மதுரை முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் சடைக்கன் சேதுபதியைப் போகலூரில் அமர்த்தினார். சேதுபதிக்கு இங்கே நாற்காலி கிடைத்த அந்த வருடங்களில்தான் ரோஸும் அங்கே தன் நாற்காலியை விட்டுவிடாமல் பிடித்துக்கொள்ளப் பாடுபட்டுக் கொண்டிருந்தார்.

அந்த நாற்காலியின் கதைக்கு வருகிறேன்.

தோமையார் கிறிஸ்தவர்கள் என்று மலையாளத்தில் ஒரு சமூகம். போர்த்துக்கீசியர் வருவதற்குப் பல நூறு வருடங்களுக்கு முன்பே இருந்தவர்கள். அவர்களுக்கு மெத்ரான், அதாவது ஆயர், மெசபத்தோமியாவிலிருந்து வருவார். பூசை மொழி சிரியா மொழி. மெத்ரான் வெளியூர்க்காரர் என்பதால் ஊர்க்காரியம் எல்லாம் அர்க்கதியாக்கோன் கையில். அந்தப் பதவிக்கு "ஜாதிக்குக் கர்த்தவ்யன்" என்று பட்டம். சமூகத்துக்குப் பொறுப்பானவன் என்று அர்த்தம். ராஜாவிடம் பேசுவது, வழக்குத் தீர்ப்பது, ஆயுதம் தாங்கிய ஆட்களைத் திரட்டுவது எல்லாம் அவர்தான். மெத்ரான் பூசைக்கு, அர்க்கதியாக்கோன் ஆட்சிக்கு.

போர்த்துக்கீசியருக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. 1541இல் பிரான்சிஸ்கன் துறவிகள் கொடுங்கல்லூரில் ஒரு குருமடம் தொடங்கி, சிரியானிப் பிள்ளைகளுக்கு லத்தீன் சொல்லிக் கொடுத்தார்கள். படித்து முடித்து ஊருக்குப் போன பிள்ளைகளைக் கோயிலுக்குள் யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. நம் பூசை மொழி தெரியாதவன் நமக்கு என்ன சாமியார்? கேள்வி நியாயம்தான். இயேசு சபையார் அந்தத் தோல்வியிலிருந்து பாடம் படித்தார்கள். 1587இல் சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில் வைப்பிக்கோட்டையில் வேறொரு குருமடம் அமைத்து அங்கே சிரியா மொழியைக் கற்பித்தார்கள். கற்பித்தவர் நம் ரோஸ்.

அந்தக் காட்சியைக் கொஞ்சம் நின்று பாருங்கள். கத்தலோனியாக்காரன், மலையாளத் தென்னந்தோப்பு நடுவே, உள்ளூர்ப் பையன்களுக்கு அவர்களுடைய முன்னோரின் பூசை மொழியைச் சொல்லித் தருகிறான். மலையாளத்திலேயே பிரசங்கமும் செய்கிறான். அன்றைய ஐரோப்பியச் சாமியார்களில் சிரியா மொழி அறிந்தவர்களே அரிது. மலையாளமும் சேர்ந்து அறிந்தவர் என்றால் அதிசயம். மாணவர்களுக்கு அவர்மேல் மதிப்பு இல்லாமலா இருந்திருக்கும்? ஆனால் அந்த மொழியறிவைக் கொண்டு அவர் முதலில் எழுதியது என்ன தெரியுமா? சிரியானிப் புத்தகங்களில் மறைந்திருக்கும் நெஸ்தோரியப் பிழைகளைப் பற்றிய லத்தீன் அறிக்கை. மொழி தெரியாத பிரான்சிஸ்கன்களால் அந்தப் புத்தகங்களுக்கு ஒரு கெடுதலும் வரவில்லை. மொழி தெரிந்தவர் வந்த பிறகுதான் ஆபத்து வந்தது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. படிப்பாளிகளாகிய நாம் எல்லோரும் கொஞ்சம் யோசிக்க வேண்டிய இடம் என்று சொல்கிறேன்.

கடைசி மெசபத்தோமிய மெத்ரான் மார் ஆபிரகாம் 1597இல் அங்கமாலியில் இறந்தார். கோவாப் பேராயர் அலெய்ஷோ தெ மெனேசஸ் காத்திருந்தது அதற்குத்தான். நாற்பது வயது, அகுஸ்தினார் சபை, பெரிய குடும்பம், அடங்காத வேகம். பின்னாளில் இரண்டு வருடம் கோவாவின் ஆளுநராகவும் இருந்து, பிறகு போர்த்துகல் போய் பிராகாவின் பேராயராகி, மத்ரித்தில் அரசனின் அவையில் அமர்ந்து இறந்தவர். அவர் 1599 தொடக்கத்தில் கொச்சியில் இறங்கி, கோயில் கோயிலாகப் போய், பல இளைஞர்களுக்குக் குருப்பட்டம் கொடுத்துத் தனக்கு ஆள் சேர்த்துக்கொண்டு, ஜூன் 20ஆம் தேதி உதயம்பேரூர்க் கோயிலில் சபையைக் கூட்டினார். 153 கத்தனார்கள், அதாவது உள்ளூர்ச் சாமியார்கள், 660 இல்லறத்தார் என்று கணக்குச் சொல்வார்கள். ஆறேழு நாளில் வேலை முடிந்துவிட்டது. தீர்மானங்கள் போர்த்துக்கீசிய மொழியில் எழுதிக் கொண்டுவரப்பட்டவை. அவற்றை மலையாளத்தில் வாசித்துக் காட்டினார்கள்.

தீர்மானங்களில் எதையெல்லாம் தொட்டார்கள் என்று பார்த்தால் எனக்கு வியப்பாக இருக்கும். ஜெபங்களில் "கிறிஸ்துவின் தாய்" என்று வந்த இடமெல்லாம் "கடவுளின் தாய்" என்று மாற்ற வேண்டும். சரி, அது இறையியல். ரோம் ஏற்காத நெஸ்தோரியஸ், தெயோதோர் பெயர்களைப் பூசைப் புத்தகத்திலிருந்து சுரண்டி எடுக்க வேண்டும். அதுவும் இறையியல் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் ஓணத்தில் கலந்துகொள்ளக் கூடாது. ஆண்கள் காது குத்திக்கொள்ளக் கூடாது, நாயர்களிடமிருந்து கிறிஸ்தவனை வேறுபடுத்திக் காட்ட வேண்டும் என்கிறார்களே, அது என்ன இறையியல்? காதில் இருக்கும் ஓட்டைக்கும் கடவுளுக்கும் என்ன சம்பந்தம்?

புத்தகங்களுக்குத் தனிப் பட்டியல். சிலவற்றை எரிக்க வேண்டும், சிலவற்றைத் திருத்த வேண்டும். வைத்திருப்பவர்கள் எல்லாரும் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும். கத்தனார் ஒருவர் தன் தாத்தா கையால் எழுதிய பூசைப் புத்தகத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்து வரிசையில் நிற்பதை நினைத்துப் பாருங்கள். புத்தகம் திரும்பி வரும்போது அதில் சில பெயர்கள் இருந்த இடத்தில் கத்தி சுரண்டிய வெள்ளை. மீதியெல்லாம் அப்படியே. பிறகு அந்தக் கிறிஸ்தவர்களின் பூசை நூலையே ரோஸ் திருத்தி அமைத்தார். பல தலைமுறைக்கு அந்த வடிவம்தான் வழங்கியது.

நியாயமாக இதையும் சொல்ல வேண்டும். இதே ரோஸ் 1604 வாக்கில் மலையாளக் கிறிஸ்தவர்களைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். பழங்காலத்தில் அங்கே வந்து குடியேறிய வணிகர் என்று நம்பப்படும் கிநாயித் தோமாவுக்குச் சேரமான் பெருமாள் கொடுத்ததாகச் சொல்லப்படும் செப்பேட்டைப் பற்றி அதில் பதிவு செய்திருக்கிறார். செப்பேடு பிறகு தொலைந்துவிட்டது. அந்தப் பழைய கதையில் இன்று ஆராய்ச்சியாளர்கள் பிடித்துக்கொண்டு தொங்கும் கயிறுகளில் ஒன்று ரோஸின் அறிக்கை. 1606இல் அவர் மறைமாவட்டத்துக்கு வகுத்த சட்டதிட்டங்கள் மலையாளத்தில் இருக்கின்றன; அந்தக் காலத்து மலையாள உரைநடைக்கு அது ஒரு சாட்சி. சுரண்டிய கையும் எழுதி வைத்த கையும் ஒன்றுதான்.

ஆயர் பதவி அவருக்கு முள்ளோடுதான் வந்தது. 1599 டிசம்பரில் ரோம் அங்கமாலியைப் பேராயம் என்ற நிலையிலிருந்து இறக்கி, கோவாவுக்குக் கீழே சாதாரண ஆயர் இடமாக்கியது. அடுத்த வருடம் அதைப் பதுருவாதோவுக்குள் சேர்த்தார்கள். பதுருவாதோ என்றால், ஆயரைப் போர்த்துகல் அரசன் முன்மொழிவான், போப் நியமிப்பார், செலவு அரசன் கஜானாவிலிருந்து. சம்பளம் யார் கொடுக்கிறாரோ அவர் சொல்லுக்குத்தானே மதிப்பு? தோமையார் கிறிஸ்தவர்களுக்கு இது பெரிய அவமானம். இந்தியா முழுமைக்கும் மெத்ரான் என்று சொல்லிக்கொண்டிருந்த நாற்காலி, கோவாவின் திண்ணையில் போய் விழுந்தது. ரோஸ் தன் மக்களோடு சேர்ந்து எழுதி எழுதிப் போராடி 1608 டிசம்பரில் பேராயர் நிலையைத் திரும்ப வாங்கினார். மறுவருடம் இருக்கையை அங்கமாலியிலிருந்து போர்த்துக்கீசியக் கோட்டை இருந்த கொடுங்கல்லூருக்கு மாற்றினார்கள். கொடுங்கல்லூர் என் எல்லை என்று கொச்சி ஆயர் அந்திரேயா தெ சாந்தா மரியா கிளம்பினார். அவர் பிரான்சிஸ்கன், ரோஸ் இயேசு சபை. சண்டைக்கு வேறு காரணமும் வேண்டியதில்லை. அந்தப் பங்காளித் தகராறை விவரித்தால் பொழுது விடிந்துவிடும், விட்டுவிடுகிறேன்.

இப்போது மலையைக் கடந்து இந்தப் பக்கம் வாருங்கள்.

1606 நவம்பரில் ரொபெர்த்தோ தெ நொபிலி என்ற இத்தாலிய இயேசு சபை இளைஞர் முத்துக்குளித்துறையில் சில மாதம் தமிழ் படித்துவிட்டு மதுரைக்குப் போனார். அங்கே ஏற்கெனவே கொன்சாலோ பெர்னாந்தெஸ் என்ற மூத்த சாமியார் இருந்தார். பழைய படைவீரர். வியாபாரத்துக்கு மதுரைக்கு வரும் பரதவர்களுக்குப் பூசை வைப்பார், மருந்து கொடுப்பார், பள்ளிக்கூடம் நடத்துவார். மதுரைக்காரர்களில் மனம் மாறி வந்தவர் என்று யாரும் இல்லை. ஏனென்று நொபிலி விசாரித்தால், ஞானஸ்நானத்தில் கேட்கும் கேள்வியே "பறங்கிக் குலத்தில் புக வேணுமோ?" என்றிருந்தது. கடவுளிடம் வருகிறாயா என்று கேட்கவில்லை. பறங்கிச் சாதியில் சேருகிறாயா என்று கேட்டார்கள். யார் சேருவார்?

நொபிலி கறுப்பு அங்கியைக் கழற்றிக் காவி உடுத்தினார். பாதக் குறடு, தண்டம், கமண்டலம். பிராமணச் சமையல்காரர், ஒரு வேளைச் சைவச் சாப்பாடு. நான் பறங்கி இல்லை, ரோமாபுரி ராஜகுலத்தவன் என்று அறிவித்தார். மூன்று பொன்னிழையும் இரண்டு வெள்ளியிழையும் சேர்த்து ஒரு பூணூலும் போட்டுக்கொண்டார். பொன் மூன்றும் திரித்துவத்துக்கு, வெள்ளி இரண்டும் கிறிஸ்துவின் உடலுக்கும் ஆன்மாவுக்கும் என்று விளக்கம். அதில் ஒரு சிலுவையும் தொங்கியது. பிறகு அந்த நூலை அவரே கழற்றிவிட்டார். ஆனால் தன்னிடம் வந்த பிராமணர்கள் நூலையும் குடுமியையும் சந்தனத்தையும் குளியலையும் விட வேண்டியதில்லை என்ற முடிவைக் கடைசிவரை விடவில்லை. தத்துவ போதகர் என்று ஊர் அவரை அழைத்தது.

இதற்கெல்லாம் அவர் யாரிடம் அனுமதி வாங்கினார்? தன் சபைத் தலைவர் லயெர்சியோவிடமும், ஆயர் ரோஸிடமும். 1610இல் பெர்னாந்தெஸ் புகார் எழுதினார். இவன் கிறிஸ்தவனை இந்துவாக்குகிறான் என்பதுதான் அதன் சாரம். புகார் கொச்சி, கோவா, ரோம் என்று ஏறியது. புதிதாக வந்த சபைத் தலைவர் நொபிலியின் கையைக் கட்டினார். அந்த வருடங்களிலெல்லாம் கொடுங்கல்லூரிலிருந்து நொபிலிக்கு ஆதரவாகக் கடிதம் போய்க்கொண்டே இருந்தது. ரோஸ் சொன்ன நியாயம் எளிமையானது. பூணூல் குலத்தின் அடையாளம், மதத்தின் அடையாளமல்ல, குடுமி ஊர் வழக்கம், சந்தனம் அலங்காரம். இவை நம்பிக்கையைத் தொடாதவை. தொடாததைத் தடுக்க வேண்டாம்.

போப் ஐந்தாம் பவுலின் ஆணைப்படி 1619 பிப்ரவரியில் கோவாவில் விசாரணைச் சபை கூடியது. தலைமை கோவாப் பேராயர் கிறிஸ்தோவாவ் தெ சா. நொபிலி காவி உடையிலேயே போய் நின்றார். பெரும்பாலோர் அவருக்கு எதிர். சாதகமாகப் பேசியவர்களில் முக்கியமானவர்கள் இரண்டு பேர். ஒருவர் இன்குவிசிஷன் என்ற விசாரணை மன்றத்து அதிகாரி அல்மெய்தா. மற்றவர் ரோஸ். இன்குவிசிஷன் அதிகாரியே பூணூலுக்கு ஆதரவாகப் பேசினார் என்பது இந்தக் கதையில் எனக்குப் பிடித்த திருப்பம். அறுபதைத் தொட்ட, நோய்வாய்ப்பட்ட கிழவர் ரோஸ், கோவாப் பேராயரின் முகத்துக்கு நேரே அவருடைய கருத்தை மறுத்தார். காகிதங்கள் லிஸ்பனுக்கும் ரோமுக்கும் போயின. 1623 ஜனவரி 31ஆம் தேதி பதினைந்தாம் கிரகோரி வெளியிட்ட ஆணையில் நூலுக்கும் குடுமிக்கும் சந்தனத்துக்கும் அனுமதி கிடைத்தது.

அந்தக் கோவாப் பயணத்தில் இன்னொன்றும் நடந்தது. கிளம்பும்போது ரோஸ் தன் பேராயத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை வைப்பிக்கோட்டைக் குருமடத் தலைவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். மெத்ரான் ஊரில் இல்லாதபோது ஆள்வது அர்க்கதியாக்கோன். காலங்காலமாக வந்த வழக்கம். அர்க்கதியாக்கோன் ஜார்ஜுக்கும் ரோஸுக்கும் ஏற்கெனவே ஆகாது. 1609இல் ரோஸ் அவரைச் சபை விலக்கம் செய்யும் அளவுக்குப் போய், பிறகு சமாதானமாகியிருந்தார்கள். இப்போது ஜார்ஜ் மறுபடியும் கிளம்பிவிட்டார், மக்களும் அவர் பின்னால். மதுரைக்காரனின் வழக்கத்தைக் காப்பாற்றக் கப்பலேறிய மனிதர், புறப்படும் அவசரத்தில் தன் வீட்டு வழக்கத்தை மிதித்துவிட்டுப் போனார்.

என் கேள்விக்கு விடை இந்த இடத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். எது வழக்கம், எது நம்பிக்கை என்று ரோஸ் கோடு போட்டார். மலைக்கு மேற்கே அந்தக் கோடு காது ஓட்டைக்கு அந்தப் பக்கம் விழுந்தது. கிழக்கே பூணூலுக்கு இந்தப் பக்கம் விழுந்தது. இறையியல் இரண்டு பக்கமும் ஒன்றுதான். ஆள்பலம் வேறு. மேற்கே அவருக்கு முன்பே ஒரு திருச்சபை இருந்தது. அதற்கு மெத்ரான் உண்டு, அர்க்கதியாக்கோன் உண்டு, புத்தகம் உண்டு, ராஜாவிடம் செல்வாக்கு உண்டு. அங்கே வழக்கத்தை விட்டுக்கொடுத்தால் அதிகாரத்தையும் விட்டுக்கொடுக்க வேண்டும். கிழக்கே பங்கு கேட்க யாருமில்லை. குடுமியை விட்டுக்கொடுத்ததால் ரோஸுக்கு ஒரு சாவிக்கொத்தும் கைமாறவில்லை. பெருந்தன்மைக்குச் செலவில்லாத இடத்தில் அவர் பெருந்தன்மையாக இருந்தார். இது கொஞ்சம் கடுமையான தீர்ப்பு என்று தெரியும். தன் சபையிலேயே பாதிப் பேர் எதிர்த்த ஒரு காரியத்துக்காக அவர் பன்னிரண்டு வருடம் விடாமல் எழுதினார். அதைக் கணக்கில் சேர்க்காவிட்டால் நான் நியாயஸ்தன் இல்லை. ஆனாலும் தீர்ப்பை மாற்றிக்கொள்ள மனம் வரவில்லை.

இந்த ஊரில் இதை விளக்க நான் அதிகம் கஷ்டப்பட வேண்டியதில்லை. கீழக்கரைப் பழைய ஜும்மா பள்ளிவாசலின் கல்தூண்களைப் பார்த்தவர்களுக்கு, கல்யாணத்தில் கருகமணி கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு, எது மார்க்கம் எது ஊர்ப் பழக்கம் என்ற விவாதம் புதிதா என்ன? அந்த விவாதத்தை எந்த வீட்டில் யார் தொடங்கிவைக்கிறார்கள் என்பதையும் கவனித்திருப்பீர்கள்.

இந்தக் கரைக்கு ரோஸ் மீது தனியாக ஒரு வழக்கு உண்டு. மூக்கையூர்க்காரரோ வேம்பாற்றுக்காரரோ எழுந்து கேட்டால் நான் பதில் சொல்லியாக வேண்டும். நொபிலி நான் பறங்கியில்லை என்று சொன்னபோது, பறங்கி என்று மீந்து நின்றது யார்? பரதவர்கள்தான். 1530களில் ஞானஸ்நானம் பெற்று, முத்துக் குளித்து, திருச்சபைக்குப் பணம் கட்டி, வடுகர் படைக்கும் தப்பி, இரண்டு தலைமுறையாகக் கிறிஸ்தவர்களாக இருந்தவர்கள். மதுரையில் அவர்கள் போகும் கோயிலுக்கு நொபிலியின் ஆட்கள் வரமாட்டார்கள். நொபிலியும் பகலில் பெர்னாந்தெஸின் பந்தியில் உட்காரமாட்டார். கொடுங்கல்லூர்ப் பேராயர் ஒப்புதல் கொடுத்தது பூணூலுக்கு மட்டுமல்ல, இந்த விலகலுக்கும்தான். குலத்தின் அடையாளம் மதத்தைத் தொடாது என்று எழுதியபோது, குலம் மனிதனைத் தொடவிடாது என்ற பக்கத்தை அவர் பார்க்கவில்லை. பெர்னாந்தெஸைக் கதைகளில் படிப்பறியாத பொறாமைக்காரராகக் காட்டுவார்கள். பந்தியில் எல்லோரையும் உட்கார வைத்தவர் அவர்தான் என்பதை யாரும் சொல்வதில்லை.

விலகலின் விளைவு சீக்கிரமே தெரிந்தது. பிராமண சந்நியாசி வேடத்தில் இருப்பவரால் மற்றச் சாதியாரிடம் போக முடியாது. 1640இல் பல்தசார் தா கோஸ்தா பண்டார சுவாமி என்ற இன்னொரு கோலத்தைத் தொடங்கினார். பண்டாரம் எல்லா வீட்டு வாசலுக்கும் போகலாம். அந்த வழியில் வந்தவர் ஜான் தெ பிரித்தோ, நம் அருளானந்தர். மறவர் சீமையில் காவியும் தடியுமாக அலைந்து, 1686இல் சிறைப்பட்டு, நாட்டை விட்டு அனுப்பப்பட்டு, மறுபடியும் வந்து, கிழவன் சேதுபதி காலத்தில் 1693 பிப்ரவரி 4ஆம் தேதி ஓரியூரில் தலை கொடுத்தார். அவர் உடலில் இருந்த காவிக்கு அனுமதிச் சீட்டு எழுதியவர்களில் முதல் ஆள், எழுபது வருடத்துக்கு முன் பறவூரில் செத்துப்போன ஒரு கத்தலோனியாக்காரர். டீக்கடைப் பெரியவர் சொன்னது சரி. கையெழுத்து வந்தது, ஆள் வரவில்லை.

மேற்கே போட்ட கையெழுத்தின் பலனை ரோஸுக்குப் பின் வந்தவர்கள் அனுபவித்தார்கள். அடுத்த பேராயர் எஸ்தெவாவ் தெ பிரித்தோ தட்டிக்கொடுத்து ஓட்டினார். அதற்கடுத்த பிரான்சிஸ்கோ கார்சியாவுக்குத் தட்டிக்கொடுக்கத் தெரியாது. 1653 ஜனவரி 3ஆம் தேதி மட்டாஞ்சேரியில் ஒரு சாய்ந்த சிலுவையில் கயிறு கட்டி, கூட்டம் முழுவதும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, இனி இயேசு சபையாருக்குக் கீழ்ப்படிய மாட்டோம் என்று சத்தியம் செய்தது. கூனன் குரிசுச் சத்தியம் என்பார்கள். வரிசையில் நின்று தாத்தாவின் புத்தகத்தை ஒப்படைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். பத்து வருடத்துக்குள் டச்சுக்காரர்கள் கொடுங்கல்லூரையும் கொச்சியையும் பிடித்தார்கள். பேராயருக்குத் தன் ஊரில் இருக்க இடமில்லாமல் போனது.

கொடுங்கல்லூர்ப் பேராயம் பேருக்கு இன்னும் இருநூறு வருடம் ஓடி, 1886இல் கலைக்கப்பட்டது. பட்டத்தை மட்டும் தாமன் ஆயருக்குக் கௌரவமாகக் கொடுத்தார்கள். 1928இல் தாமன் கோவாவோடு சேர்ந்தது. அதனால் இன்று கோவாப் பேராயராக யார் வந்தாலும், அவருடைய பட்ட வரிசையில் கொடுங்கல்லூர்ப் பேராயர் என்றும் ஒரு வரி சேர்ந்து வருகிறது. கோவாவுக்குக் கீழே உட்கார மாட்டேன் என்று ரோஸ் வருடக்கணக்கில் எழுதி மீட்ட பட்டம் அது.

சாயல்குடிக்குக் கடைசிப் பேருந்து இருக்கிறது என்று நண்பர் சைகை காட்டுகிறார். பின்வரிசையில் டீக்கடைப் பெரியவர் வந்து உட்கார்ந்திருக்கிறார், கையையும் தூக்கிவிட்டார். கேளுங்க, பாய்.